க்ரெப்புக்கு யார் சொந்தக்காரர்?

பி.காம். படிப்பவனுக்குக் கறுப்புத் திரையில் என்ன வேலை என்று வகுப்பில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும், எதையோ தேடப்போய் இங்கே வந்து விழுந்த அன்பர்களுக்கும் சேர்த்துத்தான் இது. லினக்ஸ் கட்டளைகளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்தக் கட்டளைகள் ஏன் இப்படி இருக்கின்றன, யார் எழுதினார்கள், அவை யாருக்குச் சொந்தம் என்பதுதான் என் விஷயம். அதில் கணினி அறிவியலைவிட வணிகச் சட்டம் அதிகம். நம்ம ஏரியா :-)

லினக்ஸ் கற்க ஆரம்பிக்கும் யாரும் முதல் வாரத்திலேயே பத்துப் பதினைந்து கட்டளைகளைப் பழகிவிடுவார்கள். கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம், கோப்பில் இருப்பதைத் திரையில் கொட்ட கேட், வரிசைப்படுத்த சார்ட், எண்ணிச் சொல்ல டபிள்யூசி, தேட க்ரெப். பழகும்போது எல்லோருக்கும் இரண்டு எரிச்சல் வரும். ஒன்று, "காப்பி" என்று முழுசாக நாலு எழுத்து வைத்தால் என்ன குறைந்துபோகும்? இரண்டெழுத்தை மிச்சம் பிடித்து என்ன மாடியா கட்டினார்கள்? இன்னொன்று, வேலை முடிந்தால் "முடிந்தது" என்று ஒரு வார்த்தை கிடையாது. ஊமை மாதிரி அடுத்த வரிக்குப் போய் நிற்கும்.

இரண்டுக்கும் காரணம் தெரிய, லினக்ஸ் பிறந்த 1991-ஐத் தாண்டி இன்னும் 20 வருடம் பின்னால் போகவேண்டும். ஏனென்றால் மேலே சொன்ன கட்டளைகளில் பல லினக்ஸைவிட மூத்தவை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வகம் இருந்தது. தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்டு டி-யின் ஆராய்ச்சிப் பிரிவு. மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான இயங்குதளத் திட்டத்தில் எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக் இருவரோடும் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு, 1969-ல் "இது ஆகிற கதையில்லை" என்று விலகிக்கொண்டது. அந்தத் திட்டத்தில் இருந்த கென் தாம்ப்சன், டெனிஸ் ரிச்சி போன்றவர்களுக்கு வேலை போகவில்லை, ஆனால் கணினி போய்விட்டது. அதே வருடக் கோடையில் தாம்ப்சனின் மனைவி குழந்தையோடு ஊருக்குப் போயிருந்த சில வாரங்களில், யாரும் அதிகம் சீண்டாமல் கிடந்த பிடிபி-7 என்ற சின்ன இயந்திரத்தில் தாம்ப்சன் ஒரு இயங்குதளத்தை எழுதினார். கருவுக்கு ஒரு வாரம், ஷெல்லுக்கு ஒரு வாரம், எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்ப்ளருக்கு ஒரு வாரம். அதுதான் யூனிக்ஸ். (தற்செயலாக, நம் நாட்டில் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் எம்ஆர்டிபி சட்டம் வந்ததும் அதே 1969. ஏகபோகம் இந்தக் கதையில் பின்னால் வரும்.)

அடுத்து ஒரு நல்ல கணினி வேண்டும். இயங்குதளம் எழுதப்போகிறோம் என்று கேட்டால் நிர்வாகம் தராது, மல்டிக்ஸில் சூடு பட்டிருந்தார்கள். அதனால் "ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்க ஒரு வசதி செய்து தருகிறோம்" என்று கேட்டு, பிடிபி-11 என்ற இயந்திரத்தை வாங்கினார்கள். முதல் வாடிக்கையாளர்கள் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு. 1971-ல் அங்கிருந்த தட்டச்சாளர்கள் காப்புரிமை விண்ணப்பங்களை யூனிக்ஸில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, 8 பயனர்களுக்கு. வட்டு அரை மெகாபைட். உங்கள் செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த வட்டில் கொள்ளாது.

திரையும் கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான் முனையம். நீங்கள் அடிப்பதும் கணினி பதில் சொல்வதும் காகிதச் சுருளில் அச்சாகும். மாடல் 33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 8 நொடி. சாவிகளை அழுத்தக் கைவிரலில் பலம் வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள், "கோப்பு வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது" என்று ஒவ்வொரு முறையும் அது அடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தவறு நடந்தால் மட்டும் பேசு, மற்றபடி வாயை மூடு என்பது அங்கே வந்த பழக்கம். இரண்டெழுத்துப் பெயர்களும் அப்படித்தான். கஞ்சத்தனம் சில சமயம் எல்லை தாண்டியது. கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' என்ற அழைப்பில் கடைசி ஆங்கில 'ஈ'-யை வெட்டிவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டபோது தாம்ப்சன் அந்த 'ஈ'-யைச் சேர்ப்பேன் என்றாராம்.

1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம், கேட், சார்ட், டபிள்யூசி எல்லாம் இருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு தட்டச்சாளர் பழகியதை இன்றைக்கு நான் என் மடிக்கணினியில் அடித்தால் வேலை செய்கிறது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கற்றுத்தந்த கணக்கு மென்பொருளின் மெனுக்கள் நான் மூன்றாம் வருடம் வருவதற்குள் இடம் மாறிவிட்டன என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

ஆனால் ஊமையாக இருப்பதன் முழு லாபம் 1973-ல்தான் தெரிந்தது. டக் மெக்கில்ராய் என்பவர் அந்தத் துறையின் தலைவர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களைச் சேர்க்க முடிய வேண்டும் என்று 1964 அக்டோபரிலேயே ஒரு குறிப்பு எழுதியவர். யூனிக்ஸ் வந்த பிறகும் வருடக்கணக்காக விடாமல் நச்சரித்திருக்கிறார். கடைசியில் தாம்ப்சன் ஒரே இரவில் அதைச் செய்துமுடித்தார். 1973 பிப்ரவரி தேதியிட்ட மூன்றாம் பதிப்புக் கையேட்டில் அது இடம்பெற்றது. அதற்குப் பெயரே பைப். ஒரு கட்டளை கக்குவதை அடுத்த கட்டளை விழுங்கும், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். இங்கேதான் ஊமைத்தனம் உதவுகிறது. பட்டியலை மட்டும் தராமல் "இதோ உங்கள் பட்டியல்" என்று ஒரு வரி சேர்த்து அச்சடிக்கும் நிரலை பைப்பில் மாட்டினால், அந்த உபசார வரியையும் சேர்த்து அடுத்த நிரல் வரிசைப்படுத்தித் தொலைக்கும்.

இதன் பலம் தெரிய ஒரு பழைய மல்யுத்தம் உண்டு. 1986-ல் ஜான் பென்ட்லி என்பவர் ஏசிஎம் சங்கத்தின் மாத இதழில் எழுதிவந்த பத்திக்காக டொனால்ட் கனூத்திடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒரு கட்டுரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிட வேண்டும். கனூத் கணினி உலகின் பீஷ்மர். பத்துப் பக்கத்துக்கு மேல் அழகான நிரல் எழுதினார், அதற்கென்றே நுணுக்கமான ஒரு தரவு அமைப்பையும் செதுக்கினார். விமர்சனம் எழுதும் வேலை மெக்கில்ராயிடம் வந்தது. அவர் மனதாரப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு கட்டளைகளை பைப்பில் கோத்துச் செய்துகாட்டினார். சொற்களை வரிக்கு ஒன்றாகப் பிரி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கு, வரிசைப்படுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எண்ணு, எண்ணிக்கைப்படி தலைகீழாக வரிசைப்படுத்து, தேவையான வரியோடு நிறுத்து. அவ்வளவுதான். கனூத் கட்சிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது (அவரிடம் கேட்டதே நிரலை இலக்கியம்போல எழுதிக்காட்டத்தான்). ஆனால் ஒரு மாதத்து விற்பனைப் பட்டியலில் எந்த வாடிக்கையாளர் பெயர் அதிகமுறை வருகிறது என்று பார்க்க நான் பயன்படுத்துவது மெக்கில்ராய் வழிதான்.

தலைப்பில் உள்ள க்ரெப்பின் பிறப்பும் ஏறத்தாழ அதே சமயம்தான். லீ மெக்மஹன் என்ற சக ஆய்வாளருக்கு ஒரு வரலாற்றுச் சிக்கல். 1787-88-ல் அமெரிக்க அரசியலமைப்புக்கு ஆதரவாகப் புனைபெயரில் வெளிவந்த 85 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் எதை ஹாமில்டன் எழுதினார், எதை மாடிசன் எழுதினார் என்று சொல் பழக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றார். கட்டுரைகள் எல்லாம் 'எட்' என்ற எடிட்டருக்குள் கொள்ளவில்லை. அந்த எடிட்டரில் ஒரு சொல்வடிவம் வரும் வரிகளை எல்லாம் அச்சடிக்க ஜி, சாய்கோடு, ஆர்இ, சாய்கோடு, பி என்று அடிக்கவேண்டும். ஜி என்றால் கோப்பு முழுக்க, ஆர்இ இருக்கும் இடத்தில் தேடும் வடிவம், பி என்றால் அச்சடி. தாம்ப்சன் அந்த ஒரு வேலையை மட்டும் எடிட்டரிலிருந்து பிய்த்துத் தனி நிரலாக்கினார். சாய்கோடுகளை எடுத்துவிட்டுப் படித்தால் ஜிஆர்இபி, அதாவது க்ரெப். இதைத் தன் நூல்களிலும் பேச்சுகளிலும் சொல்பவர் அதே அறைகளில் இருந்த பிரையன் கெர்னிகன்.

தமிழில் க்ரெப் வேலை செய்வதற்கும் இதே தாம்ப்சனுக்கும் தொடர்பு உண்டு. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், தட்டுக்குக் கீழே விரிக்கும் காகிதத்தில், ராப் பைக்கோடு சேர்ந்து அவர் வடிவமைத்ததுதான் யுடிஎஃப்-8. நீங்கள் இப்போது படிக்கும் எழுத்துகளும் அதில்தான் உங்களை வந்தடைகின்றன. அந்த முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். அந்த மூன்றில் எதுவும் பழைய ஆங்கிலக் குறிகளோடு மோதாது. அதனால் 1970-களில் தமிழ் என்ற பெயரையே கேள்விப்படாமல் எழுதப்பட்ட கருவிகளின் வழிமுறை பெரும்பாலும் அப்படியே நமக்கும் செல்லும். பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்! 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு அது ஐந்து குறி, 15 பைட். 'க' என்று க்ரெப்பில் தேடினால் கா, கி, கூ குடும்பம் முழுக்க வந்து நிற்கும்.

சரி, சொந்தக்காரர் விஷயத்துக்கு வருவோம்.

ஏடி அண்டு டி அன்றைய அமெரிக்காவின் தொலைபேசி ஏகபோகம். 1949-ல் அரசாங்கம் அதன்மேல் ஏகபோக எதிர்ப்பு வழக்குப் போட்டது, 1956-ல் சமரசத் தீர்ப்பு வந்தது. தொலைபேசித் தொழிலை வைத்துக்கொள், அதற்கு வெளியே வேறு வியாபாரத்தில் கால் வைக்காதே என்பது சாரம். ஆகவே யூனிக்ஸ் கையில் வந்தபோது அதை ஒரு பண்டமாகக் கடைவிரிக்கக் கம்பெனியால் முடியவில்லை. 1974 ஜூலையில் ரிச்சியும் தாம்ப்சனும் எழுதிய கட்டுரை வெளியானதும் பல்கலைக்கழகங்கள் கேட்டு எழுதின. கம்பெனி பெயரளவுக் கட்டணத்தில் மூலநிரலோடு நாடாவைக் கொடுத்தது, உத்தரவாதம் இல்லை, பழுதுநீக்கம் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்ற கணக்கில். எந்த விளம்பரமும் இல்லாமல் ஒரு தலைமுறை மாணவர்கள் யூனிக்ஸில் வளர்ந்ததற்கு ஒரு போட்டிச் சட்ட வழக்குதான் காரணம் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய எடுத்துக்காட்டு.

கொடுத்தது ஒரு கை என்றால் பிடுங்கியது அடுத்த கை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் மூலநிரலை எடுத்து, வரிவரியாக உரை எழுதி, 1976-77-ல் மாணவர்களுக்குப் பாடநூலாக்கினார். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம ஒப்பந்தத்தில், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். அதன்பின் அந்த உரைநூல் நகலின் நகலாக, எழுத்து மங்கிமங்கிக் கைமாறியது. வெளிப்படையாக அச்சில் வர 1996 ஆயிற்று. லயன்ஸ் 1998-ல் காலமானார். புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்த கணினி மாணவர்கள் என்றால் சினிமாக் கதைபோல இருக்கிறது, ஆனால் நடந்தது.

1984 ஜனவரி 1 அன்று ஏடி அண்டு டி பல கம்பெனிகளாக உடைக்கப்பட்டது. தொலைபேசி ஏகபோகம் போனது, அதோடு 1956-ன் தடையும் போனது. இனி யூனிக்ஸ் விற்பனைச் சரக்கு. உரிமக் கட்டணம் ஏறியது. அதற்குச் சில மாதம் முன்பே, 1983 செப்டம்பர் 27 அன்று, எம்ஐடி-யின் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய, யூனிக்ஸோடு ஒத்துப்போகும் முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்திருந்தார். பெயர் க்னூ. பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதை முடியும் காரியமாக்கியது அந்தக் குட்டிக் கட்டளைகளின் குட்டித்தனம்தான் என்பது என் கட்சி. மல்டிக்ஸ் மாதிரி ஒரே மலையாக இருந்திருந்தால் ஊர்ஊராகச் சிதறிக் கிடக்கும் பகுதிநேரத் தன்னார்வலர்களால் அதைத் திரும்பக் கட்டியிருக்கவே முடியாது. எல்எஸ் என்ன செய்யவேண்டும், சார்ட் என்ன செய்யவேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு தன் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம், தயாரானதும் பழையதைக் கழற்றி அந்த இடத்தில் புதியதை மாட்டலாம், மற்றவற்றுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்டால்மனே 1985-ல் தன் அறிக்கையில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

காப்புரிமைச் சட்டப்படி, அதாவது காப்பிரைட் சட்டப்படி, நிரல் என்ன செய்கிறது என்பதைத் திரும்பச் செய்யலாம், எழுதியிருக்கும் வரிகளைத்தான் எடுக்கக்கூடாது. அதனால் க்னூவின் எழுத்துவிதிகளில், இந்த வேலைக்காக யூனிக்ஸ் மூலநிரலை எந்தச் சூழ்நிலையிலும் பார்க்காதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னொரு யோசனையும் அதில் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். யூனிக்ஸ்காரர்கள் நினைவகத்தை மிச்சப்படுத்த எழுதினார்கள் (அந்த 24 கிலோபைட்!), நீ வேகத்துக்காக எழுது, உன் நிரல் தானாகவே வேறு மாதிரி ஆகிவிடும். வக்கீல் ஆலோசனையும் பொறியியல் ஆலோசனையும் ஒரே வரியில்!

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் இதே வேலை தனியாக நடந்தது. அங்கே விஐ எடிட்டர் முதல் எத்தனையோ சேர்த்து யூனிக்ஸை வளர்த்திருந்தார்கள், ஆனால் அடியில் கிடந்தது ஏடி அண்டு டி நிரல். கீத் பாஸ்டிக் என்பவர், வெளியிட்ட விளக்கத்தை மட்டும் வைத்துக் கட்டளைகளை மறுபடி எழுதித் தாருங்கள் என்று ஊரெல்லாம் கேட்டார். கூலி? எழுதிய கட்டளைக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் வரும், அவ்வளவே. சுமார் ஒன்றரை வருடத்தில் முக்கியமான எல்லாக் கட்டளைகளும் வந்துசேர்ந்தன. 1991-ல் கிட்டத்தட்ட முழு அமைப்பையும் வெளியிட்டார்கள். 1992-ல் ஏடி அண்டு டி-யின் யூனிக்ஸ் துணைநிறுவனம் வழக்குப் போட்டது. அந்தத் துணைநிறுவனம்தான் எங்கள் நிரலை எடுத்துப் பெயர் போடாமல் பயன்படுத்தியது என்று பல்கலைக்கழகம் எதிர்வழக்குப் போட்டது. 1994-ன் தொடக்கத்தில் சமரசம். சுமார் 18,000 கோப்புகளில் நீக்கவேண்டியிருந்தவை மூன்று. இன்னும் எழுபது சொச்சம் கோப்புகளில் ஒரு காப்பிரைட் வரி சேர்க்கவேண்டியிருந்தது.

அந்த வழக்கு இழுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் லினக்ஸ் தலையெடுத்தது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியிலிருந்து லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய பிரபலமான அறிவிப்பில், க்னூவின் பாஷ் ஷெல்லையும் ஜிசிசி கம்பைலரையும் அதில் ஓடவைத்துவிட்டதாகச் சொல்கிறார். அவரிடம் கரு இருந்தது, க்னூவிடம் கட்டளைகள் இருந்தன. இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் சுருக்கமாக லினக்ஸ் என்கிறோம் (ஸ்டால்மன் காதில் விழவேண்டாம்).

இப்படிப் பார்த்தால் க்ரெப் என்ற பெயரும் வேலையும் ஒன்றுதான், ஆனால் க்ரெப் பல. க்னூ க்ரெப் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மாற்றலாம், விற்கக்கூட விற்கலாம், ஆனால் யாருக்கு நிரலைக் கொடுத்தாலும் மூலநிரல் பெறும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தாகவேண்டும். பெர்க்லி வழி வந்தவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை, பெயரைப் போட்டுவிட்டு உள்ளே பூட்டியும் விற்கலாம். ஆப்பிள் கணினியில் முனையத்தைத் திறந்தால் இருப்பவை பெரும்பாலும் அந்த வகை. ஆண்ட்ராய்டு 2015 முதல் டாய்பாக்ஸ் என்ற தொகுப்பை வைத்திருக்கிறது, அதன் உரிமம் இன்னும் தாராளம். ஜிபிஎல் நிபந்தனை வெறும் காகிதமல்ல என்பதற்கு 2007 சாட்சி. பிஸிபாக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பை எழுதியவர்கள் சார்பில் மான்சூன் மல்டிமீடியா என்ற கம்பெனிமேல் அமெரிக்காவில் வழக்குப் போடப்பட்டு, சில வாரங்களில் சமரசமானது. ஜிபிஎல்-ஐ வைத்து அந்நாட்டில் தொடுத்த முதல் வழக்கு அதுதான் என்பார்கள்.

இந்தக் கழற்றி மாட்டும் வேலை இன்னும் நடக்கிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல், க்னூவின் அடிப்படைக் கட்டளைகளுக்குப் பதில் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியவற்றை இயல்பாக வைத்தார்கள். நினைவகப் பிழைகள் குறையும் என்பது காரணம். அதன் உரிமம் ஜிபிஎல் அல்ல, எம்ஐடி உரிமம். தொழில்நுட்பத்தை வைத்துத்தான் பலரும் வாதாடினார்கள், எனக்கு உறுத்தியது உரிமம். நாளைக்கு ஒரு கம்பெனி அவற்றை எடுத்து மேம்படுத்தி மூலநிரல் தராமல் பூட்டினால் கேட்க முடியாது. பெர்க்லிக்காரர்கள் "பூட்டட்டுமே, நம்முடையது நம்மிடம் இருக்கும்" என்பார்கள், அதுவும் ஒரு கட்சி. நான் ஜிபிஎல் கட்சி. லயன்ஸ் புத்தகத்தை வகுப்பிலிருந்து வெளியேற்றியது ஒரு உரிம ஒப்பந்தத்தின் ஒரு வரி என்பதைப் படித்தபின் வேறு கட்சிக்குப் போகமுடியவில்லை.

உங்கள் கணினியில் இருப்பது எந்த வகை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். முனையத்தில் எல்எஸ் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு 'வெர்ஷன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேருங்கள். க்னூவாக இருந்தால் உரிமத்தின் பெயர் வரும், எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒரு வரி வரும், கடைசியில் எழுதியவர்கள் ரிச்சர்ட் எம். ஸ்டால்மன், டேவிட் மெக்கென்சி என்று வரும். கேட், சார்ட், டபிள்யூசி ஒவ்வொன்றுக்கும் அடித்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர்கள் இருக்கும்.